மிஷின் கையில், கவனம் பாட்டரியில்!

திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டும், சுவாமி படத்துக்கு ஒரு திருகாணி வேண்டும் என்றால், 'ஆள் வரட்டும்' என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் வீடுகள்தான் எத்தனை! வயர் இல்லாமல் பாட்டரியில் ஓடும் டிரில்லிங் மிஷின் வாங்கியபிறகு எனக்கு அந்தக் கவலை இல்லை. 1961-ல் அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி அறிமுகப்படுத்திய சாமான் இது. பழகுவது சுலபம். ஆனால் சுவருக்குள் ஓடும் மின்சாரம், மிஷினில் இருக்கும் பாட்டரி, இந்த இரண்டிலும் அலட்சியம் கூடவே கூடாது.

முதலில் மெயினை அணையுங்கள்

"வயர்தான் இல்லையே, ஷாக் எப்படி அடிக்கும்?" என்று கேட்டாள் என் ஓரகத்தி. மிஷினில் இல்லை, சுவருக்குள் இருக்கிறதே! சுவிட்சு போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயரும், குழாய்க்கு நேர் மேலும் கீழும் பைப்பும் ஓடக்கூடும். அந்த நேர்க்கோட்டில் துளை வேண்டாம். இந்த மிஷினுக்குக் கரண்ட் வேண்டாம் என்பதே பெரிய சௌகரியம். மெயினையும், இன்வர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் வேலையை முடிக்கலாம்.

முந்தானையை இழுத்துச் செருகுங்கள். பின்னலைக் கொண்டையாக முடியுங்கள். வளையலைக் கழற்றிவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் அவசியம். செங்கல் சுவர் என்றால் சுத்தியல் படம் போட்ட இடத்துக்குத் திருப்புங்கள். டைல்ஸுக்கு அது ஆகாது, விரிசல் விட்டுவிடும். டைல்ஸுக்கென்றே விற்கும் பிட்டைப் போட்டு நிதானமாக ஓட்டுங்கள். பிட் மாற்றும்போதெல்லாம் பாட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். விசையில் விரல் பட்டால் போதும், சுழன்றுவிடும்!

பாட்டரிக்குப் பக்குவம்

இப்போது வரும் மிஷின்களில் பெரும்பாலும் லித்தியம் அயன் பாட்டரிதான். இதற்குச் சூடு ஆகாது. வேலை முடிந்த கையோடு சார்ஜ் போடாதீர்கள். தொட்டால் சூடு ஆறியிருக்க வேண்டும். அடுப்பங்கரையிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ வைக்காதீர்கள். கூடவே வந்த சார்ஜரைத்தான் உபயோகிக்க வேண்டும். மெத்தைமேல் வைத்தோ, ராத்திரி தூங்கும்போதோ சார்ஜ் போடக் கூடாது.

'முழுக்கக் காலியான பிறகே சார்ஜ்' என்பது பழைய நிக்கல் காட்மியம் பாட்டரிக்குச் சொன்னது, இதற்குப் பொருந்தாது. ரொம்ப நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். ஊக்கு, சாவி, சில்லறை கிடக்கும் டிராயரில் போடாதீர்கள். அவை இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் நெருப்பே பிடிக்கும்.

உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, விநோத வாடை வந்தாலோ, 'இன்னும் ஒரு தடவை பார்ப்போம்' என்ற பேச்சே வேண்டாம். புகை கிளம்பினால் குழந்தைகளோடு வெளியே வந்து 101-க்குப் போன் செய்யுங்கள். வீணான பாட்டரியை மற்ற குப்பையோடு போடக் கூடாது என்று 2022-ம் வருஷத்து மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. விற்ற கடையில் விசாரித்து, வாங்கிக்கொள்ளும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

தவழும் குழந்தை உள்ள வீடா? அப்படியானால் இன்னும் ஒன்று. முன்-பின் சுழலவைக்கும் பட்டனை நடுவில் நிறுத்தினால், பல மிஷின்களில் விசை அமுங்காது. அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பாட்டரியைக் கழற்றி, பிட்டையும் எடுத்து, எல்லாவற்றையும் பூட்டுப் போட்ட அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்!