கண்ணாடி எதுவரை வந்திருக்கிறது?

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர், கம்பத்திலிருந்து இழுத்து வந்த கறுப்பு வயரின் முனையைக் கையடக்க மீட்டரில் செருகிப் பார்க்கிறார்.

"மைனஸ் இருபத்திரண்டு வருதுங்கய்யா. நல்ல பவர்."

"மைனஸ்ங்கறே, அப்புறம் நல்லதுங்கறே. எப்படி தம்பி?"

"இருபத்தேழைத் தாண்டினாத்தானுங்க சிக்கல்."

வீட்டுக்காரரின் கேள்வி நியாயமானது. அந்த மீட்டர் ஒளியின் அளவை ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெல் கணக்கில் சொல்கிறது. சுழியம் என்றால் சரியாக ஒரு மில்லிவாட். மைனஸ் 10 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, மைனஸ் 20 என்றால் நூறில் ஒரு பங்கு. மைனஸ் 22 என்பது ஏறக்குறைய 6 மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஆறு பங்கு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அது. அந்தத் துளி ஒளி விநாடிக்குச் சுமார் 250 கோடி முறை மாறி மாறிக் கூடியும் குறைந்தும் வருகிறது. சுவரில் மாட்டியிருக்கும் சின்ன மோடம் ஒவ்வொரு மாற்றத்தையும் பிழையில்லாமல் படித்துவிடுகிறது. வீடியோ அழைப்பில் பேத்தியின் முகம் தெரிவது இதனால்தான். ஒளி 2 மைக்ரோவாட்டாகக் குறைந்தாலும் மோடம் சமாளிக்கும். அதுதான் அந்த இளைஞர் சொன்ன மைனஸ் 27.

இதே வீட்டில் ஒரு காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்திருக்கலாம். நகரத்தில் ஓடிய வேகம் தோட்டத்தில் ஓடாததற்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்களின் அலட்சியம் மட்டுமே காரணமல்ல. செம்பின் இயல்பு அது. மனிதக் குரலைக் கொண்டுசெல்ல விநாடிக்கு மூவாயிரத்துச் சொச்சம் அதிர்வுகள் போதும். அதற்குச் செம்புக் கம்பி அருமையான ஊடகம். பிராட்பேண்டுக்கோ பத்து லட்சம், இருபது லட்சம் அதிர்வுகள் வேண்டும். அதிர்வு கூடக்கூட மின்னோட்டம் கம்பியின் மேற்புறத்திலேயே ஒதுங்கி ஓடும், தடை ஏறும், சிக்னல் தேயும். பத்து லட்சம் அதிர்வில் சாதாரணத் தொலைபேசிக் கம்பி ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 20 டெசிபெல் இழக்கிறது. ஒரு கிலோமீட்டர் போனால் மிஞ்சுவது நூறில் ஒரு பங்கு. நான்கு கிலோமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில் 24 எம்பிபிஎஸ் தரக்கூடிய ஏடிஎஸ்எல் தொழில்நுட்பம், நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்தில் ஓரிரு எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடுவது இதனால்தான். எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

செம்புக்குப் பதில் கண்ணாடி என்ற யோசனையை 1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்ற இருவர் முன்வைத்தபோது நம்பியவர்கள் குறைவு. அன்றைய நல்ல கண்ணாடியே கிலோமீட்டருக்குச் சுமார் 1000 டெசிபெல் இழந்தது. 20 மீட்டர் போவதற்குள் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். ஷாங்காயில் பிறந்த காவ் சொன்னது இதுதான்: குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற அழுக்கில் இருக்கிறது, அதை நீக்கினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குக் கொண்டுவரலாம், அது போதும். கண்ணாடி ஆலைகளையும் ஆய்வுக்கூடங்களையும் தேடிப் போய் இதை வலியுறுத்தினார். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராபர்ட் மவுரர், டொனால்ட் கெக், பீட்டர் ஷுல்ட்ஸ் மூவரும் 17 டெசிபெல் இழையைச் செய்துகாட்டினார்கள். காவுக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய இழை கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல்தான் இழக்கிறது. ஒளி பாதியாகக் குறையவே 15 கிலோமீட்டர் போக வேண்டும். செம்பில் பத்துக் கோடியில் ஒரு பங்கு மிஞ்சிய அதே நான்கு கிலோமீட்டரில், கண்ணாடியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மிஞ்சுகிறது. இதற்கு மேல் குறைப்பது மிகக் கடினம். மிச்சமிருக்கும் இழப்பில் பெரும்பகுதி அழுக்கால் வருவதில்லை. உருகிய கண்ணாடி உறையும்போது அணுக்கள் ஒழுங்கற்று நின்றுவிடுவதால் ஏற்படும் ஒளிச்சிதறல் அது. வானத்தை நீலமாக்குவதும் இதே ரேலே சிதறல்தான். அலைநீளம் கூடினால் சிதறல் வெகுவேகமாகக் குறையும் என்பதால்தான் நீல ஒளியை விட்டுவிட்டு அகச்சிவப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அது நீலத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவாகச் சிதறுகிறது.

இழை அறுந்துபோனால் இந்தச் சிதறலே உதவிக்கு வருகிறது. ஒரு முனையில் ஒளித்துடிப்பை அனுப்பி, சிதறித் திரும்பிவரும் துளி ஒளியை நேரம் பார்த்து அளந்தால், எத்தனையாவது மீட்டரில் அறுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். கரும்பு லாரி இழுத்துக்கொண்டு போன கேபிளை ஊர் முழுக்கத் தேட வேண்டியதில்லை.

அறுந்ததை ஒட்டுவதை நேரில் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். இழையின் மொத்தத் தடிமன் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடும் நடுப்பகுதி அதிலும் பதினான்கில் ஒரு பங்கு. மேலுறையை உரித்து, ஆல்கஹால் நனைத்த தாளால் துடைத்து, அதற்கென்றே உள்ள கூர்முனைக் கருவியில் வைத்து ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். பிறகு இரு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிரே வைத்தால், அது தானாகவே நகர்த்தி நேராக்குகிறது. சின்னத் திரையில் இரண்டு தூண்கள் போலப் பெரிதாகத் தெரியும். ஒரு நொடி மின்பொறி. கண்ணாடி உருகி ஒன்றாகிறது. திரையில் 0.02 டெசிபெல் என்று இழப்பு வருகிறது. "ஜாயின்ட் ஆச்சு" என்று மூடிவிட்டு அடுத்த இழைக்குப் போகிறார்கள். புளியமரத்தடியில், டிவிஎஸ் வண்டி சீட்டில் மெஷினை வைத்து இதைச் செய்யும் ஆட்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறமைக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் தரவில்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இழை எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதில்லை. வழியில் ஏதோ ஒரு கம்பத்துப் பெட்டியில் ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம். ஒரே இழையின் ஒளியை எட்டாகவோ பதினாறாகவோ முப்பத்திரண்டாகவோ பிரித்துவிடும். கிளம்பும்போது 2 மில்லிவாட்டாக இருந்த ஒளி வீட்டுக்கு வரும்போது முந்நூறில் ஒரு பங்காக இருப்பதற்கு முதல் காரணம் தூரமல்ல, இந்தப் பங்கீடுதான். கீழே வரும் தரவு முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஒன்றாகவே வருகிறது. மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் அவரவர் மோடம் அவரவருக்கானதை மட்டும் படிக்கிறது.

மேலே அனுப்புவதில்தான் அழகு. முப்பத்திரண்டு வீடும் ஒரே நேரத்தில் ஒளி அனுப்பினால் எல்லாம் கலந்துவிடும். அதனால் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, ஒவ்வொரு மோடத்துக்கும் நேரம் ஒதுக்கப்படுகிறது. கண்ணாடிக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோவிநாடி ஆகிறது. உங்களைவிடப் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டின் ஒளி 50 மைக்ரோவிநாடி பிந்தி வரும். அந்த இடைவெளியில் அறுபதாயிரம் பிட்டுகளுக்கு மேல் போய்விடும். ஆகவே மோடத்தைச் செருகியதும் எதிர்முனைக் கருவி முதல் வேலையாக அந்த வீடு வரை ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. தூரத்து வீடு எவ்வளவு முந்தி அனுப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. கடைசி வீடும் முதல் வீடும் இங்கே சமம்.

பிறகு ஏன் எல்லாக் கிராமத்துக்கும் இது வரவில்லை? கண்ணாடி விலை அதிகம் என்பதால் அல்ல. பள்ளம் தோண்டுவதும் கம்பம் நடுவதும் ஆட்கூலியும் அனுமதியும்தான் செலவு. இங்கிலாந்தின் லங்காஷயர் மேட்டு நிலத்துக் கிராமங்களில் பெரிய நிறுவனங்கள் கட்டுப்படியாகாது என்று விலகி நின்றபோது, 2011இல் ஊர்க்காரர்களே பார்ன் என்ற கூட்டு அமைப்பைத் தொடங்கினார்கள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணினி வலையமைப்புத் துறையில் பணியாற்றிய பாரி ஃபோர்டு வழிகாட்டினார். தார்ச்சாலையைத் தோண்டினால் செலவு தாங்காது என்று வயல் வழியே போனார்கள். நிலக்காரர்கள் வழிக்குக் காசு வாங்கவில்லை. விவசாயிகள் தங்கள் டிராக்டரையும் மண்வெட்டியையும் கொண்டுவந்தார்கள். மாதம் 30 பவுண்டுக்கு இரு திசையிலும் ஒரு ஜிகாபிட் கிடைத்தது. லண்டன்வாசிகள் பலருக்கே அன்று அந்த வேகம் இல்லை.

இந்தியாவில் 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம், இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு இழையைக் கொண்டுபோவதை இலக்காக வைத்தது. தமிழ்நாட்டில் 12,500க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு இதைச் செய்யத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் அமைக்கப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்தால் ஊருக்கு வந்ததாகாது. நம் ஊராட்சிகளுக்குள் சுமார் 79,000 குக்கிராமங்கள் இருக்கின்றன, சராசரியாக ஊராட்சிக்கு ஆறு. மேட்டுத்தெருவுக்கும் காலனிக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் அங்கிருந்து இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். திட்டங்கள் தேங்கிப்போவது பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான்.

கண்ணாடி வராத இடத்துக்குக் காற்று வழி உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள கிராமக் கண் மையங்களை, 2000களின் நடுவில், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபை கருவிகளைக் கொண்டே இணைத்தார்கள். கோபுரத்தில் திசை பார்த்து நிறுத்திய ஆன்டெனா இருந்தும் வேகம் வரவில்லை. பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்ப அலைக்கு 67 மைக்ரோவிநாடி ஆகும். வீட்டுக்குள் இருக்கச் செய்யப்பட்ட வைஃபைக்கு அவ்வளவு நேரம் காத்திருக்கும் பழக்கமில்லை. பதில் வரவில்லை என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பிக்கொண்டே இருந்தது. அதன் மென்பொருளை மாற்றி, இரு முனைக்கும் முறை வைத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலிருந்தே மருத்துவர் வீடியோவில் பார்க்க முடிந்தது.

இன்று 4ஜி, 5ஜி கோபுரத்திலிருந்து வீட்டுக்கு இணையம் தருகிறார்கள். ஆன்டெனாவை மொட்டை மாடியில் கோபுரத்தைப் பார்த்தபடி வைத்தால், வீட்டுக்குள் வைப்பதைவிடப் பலமடங்கு நன்றாக வரும். இரவு ஏழு மணிக்கு மேல் வேகம் விழுந்தால், கோபுரத்தின் அலைவரிசையை ஊரே பங்கிடுகிறது என்று பொருள். அல்லது அந்தக் கோபுரத்துக்கே இழை வராமல் மைக்ரோவேவ் வழியாக வருகிறது. மலைக்கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் உதவும். பழைய வகை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால் கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி ஆகும். 550 கிலோமீட்டரில் சுற்றும் புதிய வகைக்கு அந்தச் சங்கடம் இல்லை.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மோடத்தில் லேன் கேபிளைச் செருகி ஒருமுறை வேகத்தைப் பாருங்கள். கேபிளில் 100 வந்து படுக்கையறையில் 8 வந்தால் குற்றம் உங்கள் சுவரில் இருக்கிறது, கம்பத்தில் இல்லை. மோடத்தை நடுக்கூடத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

குக்கிராமத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இது. எத்தனை எம்பிபிஎஸ் தருவீர்கள் என்று கேட்பதற்கு முன், கண்ணாடி எந்தக் கம்பம் வரை வந்திருக்கிறது, அங்கே ஸ்ப்ளிட்டரில் எத்தனை போர்ட் காலியாக இருக்கிறது என்று கேபிள்காரரிடம் கேளுங்கள். ஒரு வீட்டுக்காக இரண்டு கிலோமீட்டர் இழுக்க அவருக்குக் கட்டாது. எட்டு வீடு சேர்ந்தால் அவர் கணக்குப் போட்டுப் பார்ப்பார். ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்திருந்தால் கிராமசபையில் எழுதிக் கொடுங்கள், எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை என்று எண்ணோடு. மூன்று கிலோமீட்டர் தொலைவு என்று யாராவது தயங்கினால், அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி இழப்பது ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு என்பதையும் அந்த மனுவில் சேர்த்துவிடுங்கள்.