யசோதைகள் தேவை!

கண்ணனைப் பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. வெண்ணெய் ஊட்டி வளர்த்த பிள்ளை வடமதுரைக்குப் புறப்பட்டபோது, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பி வைத்தாள் அந்தப் புண்ணியவதி.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தேடுவதும் இத்தகைய தாய் தந்தையரைத்தான். இதற்கு 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று பெயர். தத்து வேறு, இது வேறு. தத்துக் கொடுத்தால் பழைய உறவு அறுந்துவிடும். இங்கோ, தாயின் நோய் தீர்ந்து குடும்பம் தலையெடுத்தால் பிள்ளை வீடு திரும்பலாம்.

2024-இல் திருத்திய நெறிமுறைப்படி, மணமாகாதவரும் கைம்பெண்ணும்கூட மனுச் செய்யலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு விசாரிக்கும். குழந்தைகள் நலக் குழு உத்தரவிடும். தத்துக்குத் தகுதியுள்ள பிள்ளையானால், 2 ஆண்டு வளர்த்தபின் தத்துக் கேட்கவும் இடமுண்டு.

கைக்குழந்தை வேண்டுமென்று காத்திருப்போர் பலர். 12 வயதுப் பையனைக் கேட்டு வருவோர் எத்தனை பேர்? 18 நிறைந்ததும் அவன் இல்லத்தை விட்டுப் புறப்பட வேண்டியவன். 21 வயது வரை கைகொடுக்கச் சட்டத்தில் வழியிருக்கிறது. ஆனால், தீபாவளிக்கு அவன் யார் வீட்டுக்குப் போவான்? 'சாப்பிட்டாயா?' என்று கேட்க அவனுக்கு யார் இருக்கிறார்கள்? அதைச் சட்டம் தர முடியாது. மனிதர்தான் தர வேண்டும்.