தெர்மாமீட்டரில் ஒளிந்திருந்த பூஞ்சை

ஆஸ்பத்திரிக்குப் போவது நோய் தீரத்தான். போன இடத்தில் புதுசாக ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தால்? இங்கிலாந்தில் நடந்த கதை இது, கேளுங்கள்.

ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மூளை, நரம்பு நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. 2015-க்கும் 2017-க்கும் இடையில் 70 பேரிடம் 'கேண்டிடா ஆரிஸ்' என்ற பூஞ்சை காணப்பட்டது. பலருக்குத் தோலோடு நின்றது. 7 பேருக்கு உடம்புக்குள்ளேயே புகுந்துவிட்டது. சுத்தத்தைக் கடுமையாக்கினார்கள், அடங்கவில்லை. சுற்றுப்புறமெல்லாம் சோதித்தார்கள், அபூர்வமாகத்தான் சிக்கியது. கடைசியில் மாட்டியது எது தெரியுமா? அக்குளில் வைத்து உடல் சூடு பார்க்கிற கருவி! ஒருவருக்கு வைத்ததையே அடுத்தவருக்கும் வைத்திருக்கிறார்கள். அதை விலக்கிய பிறகுதான் புதிதாகத் தொற்றுவது குறைந்தது.

இந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தது 2009-ல். டோக்கியோவில் 70 வயது அம்மாள் ஒருவரின் காதில் கிடைத்தது. லத்தீனில் 'ஆரிஸ்' என்றால் காது. பிற்பாடு தென்கொரியாவில், 1996-ல் எடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரியிலும் இதே ஆசாமி! ஆக, பெயர் தெரியாமலே பல வருஷம் உலவியிருக்கிறது. நம் டெல்லியிலும் நோயாளிகளிடம் இது இருந்ததை 2013-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

சாதாரணப் பரிசோதனைகள் இதை வேறொரு பூஞ்சை என்று தப்பாகச் சொல்லிவிடும். வழக்கமாகக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் மருந்துக்கோ இது பெரும்பாலும் மசியாது. அதனால்தான் லேபில் சரியாக இனம் காண்பது உயிர்ப் பிரச்னை. புரதங்களை வைத்து இனம் பிரிக்கும் 'மால்டி-டாஃப்' கருவி இதைக் கண்டுபிடித்துவிடும்.

"சித்த வைத்தியருக்கு இதில் என்ன சார் வேலை?" என்பீர்கள். ஐ.சி.யு.விலிருந்து வந்தவர் காய்ச்சலோடு என்னிடம் வந்து, "ஒரு கஷாயம் கொடுங்களேன்" என்பார். நான் கொடுப்பதில்லை. "முதலில் ரத்த கல்ச்சர் எடுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும்!

நீங்கள் செய்ய வேண்டியது: முன்பு எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை நாள் இருந்தோம் என்பதைப் புது டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் கட்டிலில் உட்காராதீர்கள். தொடும் முன்பும் பின்பும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நர்ஸம்மா தெர்மாமீட்டரோடு வந்தால், "துடைச்சாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள்.