நங்கூரத்தின் அளவு மாதிரி

பழங்காலக் கப்பலொன்றின் நங்கூரத்தை, அதன் நீள அகலங்கள் அனைத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்துச் செய்யும் சிறு வடிவம் நங்கூரத்தின் அளவு மாதிரி எனப்படும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்துள்ள ஜவ்வாது மலை, கடற்கரையிலிருந்து 100 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. இத்தகைய இடங்களில் வாழும் மாணவர்களும் நங்கூரம் இயங்கும் முறையை மாதிரியின் மூலம் கண்டறியலாம்.

அமைப்பு

பழைய பாய்மரக் கப்பலின் நங்கூரத்தில் இரும்பாலான நடுத்தண்டு, அதன் அடியில் வளைந்த இரு கைகள், கைகளின் நுனியில் அகன்ற தகடுகள், மேல்முனையில் கயிறு கட்டும் வளையம் ஆகியவை இருக்கும். வளையத்தின் அருகே நீண்ட மரக் குறுக்குத்தண்டு பொருத்தப்படும். இது கைகள் இருக்கும் திசைக்குச் செங்குத்தாக அமையும்.

செயல்படும் விதம்

நங்கூரம் தன் எடையால் மட்டுமே கப்பலை நிறுத்துவதில்லை. கயிறு இழுபடும்போது குறுக்குத்தண்டு தரையில் படுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு கை கீழ்நோக்கித் திரும்பி மண்ணில் புதைகிறது. ஈர மணல் நிரப்பிய தட்டில் மாதிரியைக் கிடைமட்டமாக இழுத்தால் இதைக் காணலாம். மேல்நோக்கி இழுத்தால் அது எளிதில் பெயர்ந்துவிடும். மாலுமிகள் கடலின் ஆழத்தைப் போலப் பல மடங்கு நீளத்துக்குக் கயிறு விடுவது இதனால்தான்.

விகிதமும் எடையும்

4 மீட்டர் நீளமும் 1,500 கிலோ எடையும் கொண்ட நங்கூரத்தை 1:10 விகிதத்தில் அதே பொருள்களால் செய்வதாகக் கொள்வோம். மாதிரியின் நீளம் 40 செ.மீ. ஆகும். நீளம், அகலம், தடிப்பு மூன்றும் பத்தில் ஒரு பங்காவதால், எடை ஆயிரத்தில் ஒரு பங்காக, அதாவது 1.5 கிலோவாகக் குறையும். தண்டின் குறுக்குவெட்டுப் பரப்போ நூறில் ஒரு பங்காக மட்டுமே குறையும். ஆகவே, தன் எடையுடன் ஒப்பிட்டால் மாதிரி பன்மடங்கு உறுதியானது. மாதிரி வளையாததைக் கொண்டு உண்மையான நங்கூரமும் வளையாது என்று முடிவு செய்யக்கூடாது.

பிடி விலகினால்

நங்கூரத்தின் பிடியே கப்பலின் உயிர். இலங்கையின் காலித் துறைமுகத்தில் நின்றிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘அவொண்ட்ஸ்டர்’ கப்பல், 1659 ஜூலை 2 அன்று நங்கூரப் பிடியிலிருந்து விலகிக் கரையில் மோதி மூழ்கியது. துறைமுகத்துக்குள் நின்ற கப்பலுக்கும் நங்கூரமே காப்பு என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.