நிலத்தடி எண்ணெய் நாட்டின் செல்வமாகும் வழி

ஒரு நாட்டின் நிலத்தின் கீழோ கடலின் கீழோ எண்ணெய் உண்டு என்பதனால் மட்டும் அந்நாடு செல்வ நாடாகிவிடுவதில்லை. எண்ணெய் பெருகியும் வறுமை நீங்காத நாடுகள் பல உள. எண்ணெய் வேறு, செல்வம் வேறு. முன்னதைப் பின்னதாக மாற்றுதற்கு இடையே ஒரு கருவி வேண்டும். இருபதாம் நூற்றாண்டிலே பல நாடுகள் அக்கருவியாகத் தெரிந்துகொண்டது அரசுக்கு உரிமையான எண்ணெய்க் கம்பனியாகும். இத்தகைய கம்பனிகள் தத்தம் நாட்டுக்கு ஆக்கந் தருவது எவ்வாறு, அவ்வாக்கம் சிலவிடங்களிற் கேடாகத் திரிவது எதனால் என்பவற்றை, நோர்வே நாட்டின் வரலாற்றைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

திருவள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்திலே, பொருள் குறித்து அரசு ஆற்றவேண்டிய கடமையை நால்வகையாகப் பகுத்துரைத்தார். பொருள் வரும் வழியை உண்டாக்குதல் ஒன்று. வந்ததைத் திரட்டுதல் மற்றொன்று. திரட்டியதைப் பேணுதல் பிறிதொன்று. பேணியதைத் தக்கவாறு பங்கிடுதல் இறுதியானது. இந்நான்கும் முடியரசுக் காலத்துக்குக் கூறப்பட்டனவாயினும், இக்காலத்து எண்ணெய்க் கம்பனி ஒன்றினை அளந்தறிதற்கும் ஏற்ற அளவுகோலாக அமைகின்றன.

எண்ணெயினால் வரும் ஆக்கம் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு பீப்பாய் எண்ணெயைக் கண்டுபிடித்து வெளிக்கொணர 20 டொலர் செலவாகிறது எனவும், அது சந்தையில் 70 டொலருக்கு விலைபோகிறது எனவும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலிட்டவனுக்கு உரிய நியாயமான இலாபத்தையுஞ் செலவோடு சேர்த்துக் கழித்த பின்னரும் பெருந்தொகை எஞ்சும். இதனைப் பொருளியலார் வாரம் என்பர். வயலைக் குத்தகைக்கு விட்டவன் விளைவிலே பெறும் வாரம் எத்தகையதோ, இதுவும் அத்தகையதே. இது எவருடைய உழைப்பின் பயனுமன்று, இயற்கை ஈந்தது. ஆதலின் அந்நாட்டு மக்கள் அனைவருக்கும், இனிப் பிறக்கப்போகும் மக்களுக்குங்கூட, இது பொதுவுடைமையாகும்.

அவ்வாறாயின், அந்நியக் கம்பனிகளை எண்ணெய் எடுக்க விட்டு, வரியினால் அவ்வாரத்தைப் பெற்றுக்கொண்டாற் போதாதோ, அரசு தானே கம்பனி நடத்துவது எதற்காக என்னும் வினா எழுதல் இயல்பு. இதற்கு விடை நம் வயல்வெளியிலேயே உண்டு. சூடு மிதிக்கும் களத்தை ஒருநாளும் எட்டிப் பாராத காணிக்காரன், வாரக்குடி அளந்து கொடுத்த நெல்லையே தன் பங்கு எனக் கொள்ளல் வேண்டும். விளைவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பவற்றை அவன் அறியான். எண்ணெய்த் தொழிலும் அஃதே. கிணறு தோண்டுதற்கு ஆன செலவைக் கூட்டிக் காட்டினும், படுகையிலுள்ள எண்ணெயின் அளவைக் குறைத்துக் காட்டினும், தொழில் அறியாத அரசு அதனைக் கண்டுபிடித்தல் அரிது. தொழிலைத் தானே செய்பவனுக்கே கணக்கின் மெய்யும் பொய்யும் புலப்படும். அறிவு பெறுதலே அரச கம்பனியின் முதற் பயன் எனலாம்.

இனி நோர்வேயை நோக்குவாம். 1958 ஆம் ஆண்டிலே அந்நாட்டின் புவிச்சரிதவியல் ஆய்வு நிலையம், நோர்வேயின் கரையோரக் கடலடியில் எண்ணெய் இருக்கும் வாய்ப்பு இல்லை என்று அரசுக்கு எழுதியது. அடுத்த ஆண்டிலே நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் பகுதியிற் பேரளவான இயற்கை வாயு காணப்பட்டதும் நிலைமை மாறியது. 1962 இல் பிலிப்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி, மாதந்தோறும் 1,60,000 டொலர் தருவதாகக் கூறி, நோர்வேயின் கடற்பரப்பிலே தனியுரிமை கோரியது. அரசு இணங்கவில்லை. 1963 இல் தன் கண்டமேடை முழுவதும் அரசுக்கே உரியது எனப் பிரகடனஞ் செய்தது. 1965 இல் பிரித்தானியாவோடு கடலெல்லையை வகுத்துக்கொண்டு, கடற்பரப்பைச் சிறு சிறு கண்டங்களாகப் பிரித்துப் பல கம்பனிகளுக்கும் உரிமம் வழங்கியது.

இம்மனவுறுதி திடீரெனத் தோன்றியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நியர் நோர்வேயின் நீர்வீழ்ச்சிகளை மின்சாரத்தின் பொருட்டு வாங்கத் தொடங்கியபொழுது, குறித்த ஆண்டுகள் கழிந்தபின் நீர்வீழ்ச்சியும் ஆங்கு அமைத்த நிலையமும் அரசையே சாரும் என 1909 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இயற்கை வளம் பொதுவுடைமை என்னும் கொள்கை, எண்ணெய் காணப்படுமுன்னரே அந்நாட்டிற் சட்டமாக வேரூன்றியிருந்தது.

பல கிணறுகள் வெறுமையாய்ப் போனபின், 1969 ஆம் ஆண்டு இறுதியில் எக்கோபிஸ்க் என்னுமிடத்தில் பிலிப்ஸ் கம்பனி பேரளவான எண்ணெயைக் கண்டது. 1972 ஜூன் 14 ஆந் திகதி நோர்வேப் பாராளுமன்றம் ஒருமனதாக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அத்தீர்மானத்தால் ஒன்றன்று, இரண்டு நிறுவனங்கள் தோன்றின. ஒன்று ஸ்டாற்றொயில் என்னும் அரச கம்பனி. மற்றொன்று தொழிலைக் கண்காணிக்கும் பெற்றோலியப் பணிப்பகம். கொள்கை வகுத்தல் அமைச்சின் கடன். கண்காணித்தல் பணிப்பகத்தின் கடன். வாணிகஞ் செய்தல் கம்பனியின் கடன். ஆடுபவனே நடுவனாகவும் இருத்தலாகாது என்னும் நியாயம் இதனால் நிலைநாட்டப்பெற்றது. நோர்வேயின் வெற்றிக்கு வித்து இப்பிரிவினையிலேயே உளது என்பது எமது துணிபு.

கம்பனி தொழில் பயின்ற முறையும் கருதற்பாலது. தொடக்கத்தில் ஸ்டாற்றொயிலுக்குத் தலைவர் ஒருவரும் சில ஊழியருமே இருந்தனர். புதிய உரிமங்களில் நூற்றுக்கு 50 பங்கு அதற்கு ஒதுக்கப்பட்டது. எண்ணெய் தேடுங் காலத்துச் செலவில் அதன் பங்கையும் அந்நியக் கம்பனிகளே பொறுத்தன. 1974 இல் ஸ்டாற்பியோர்ட் என்னும் பெரும் படுகையைக் கண்டு அதனை நடத்தியது மொபில் கம்பனி. ஆயினும் பாதிப்பங்காளியாக அருகிருந்து தொழில் கற்றது ஸ்டாற்றொயில். 1987 ஜனவரி முதலாந் திகதி அப்படுகையை நடத்தும் பொறுப்பு அதன் கைக்கு மாறியது. மாணாக்கன் ஆசிரியனின் இடத்துக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அவசரத்தால் அந்நியரைத் துரத்தவுமில்லை. சோம்பலால் அவர்களையே என்றும் நம்பியிருக்கவுமில்லை. 1979 முதல், தம் ஆராய்ச்சிகளை நோர்வேயின் ஆய்வுகூடங்களிற் செய்விக்கும் கம்பனிகள் உரிமம் பெறுவதில் முன்னுரிமை அடைந்தன. கப்பல் கட்டியோர் எண்ணெய் மேடை கட்டப் பயின்றனர். பொறியியல் கற்ற இளைஞருக்கு நாட்டிலேயே தொழில் வாய்த்தது. வரியொன்றினால் மட்டும் இவை கைகூடியிரா.

கண்காணிப்போர்க்கும் அறிவு வேண்டும் என்பதற்குப் பாறூக் அல் காசிம் என்பாரின் பணி சான்றாகும். ஈராக்கிய புவிச்சரிதவியலாளரான இவர், நோயுற்ற தம் மகனின் மருத்துவத்தின் பொருட்டு 1968 இல் மனைவியின் தாயகமாகிய நோர்வேக்கு வந்தார். கைத்தொழில் அமைச்சுக்குத் தாமே சென்று வேலை தேடிய அவர், பின்னர் புதிய நிறுவனங்களின் அமைப்பை வகுத்தோருள் ஒருவராகவும், பணிப்பகத்தின் உயரதிகாரியாகவும் விளங்கினார். எக்கோபிஸ்க் படுகையிலுள்ள எண்ணெயில் நூற்றுக்கு 17 பங்கையே எடுக்கலாமென முதலிற் கணிக்கப்பட்டிருந்தது. நீரை உட்செலுத்தி எண்ணெயை மேலெழச் செய்யும் முறையை அவரும் பணிப்பகத்தாரும் வற்புறுத்தினர். 1987 இல் அம்முறை பெரிய அளவிற் கைக்கொள்ளப்பட, எடுக்கக்கூடிய பங்கு நூற்றுக்கு 50 அளவுக்கு உயர்ந்தது. அறிந்த அதிகாரி ஒருவர் நாட்டுக்கு ஈட்டிக்கொடுக்கும் பொருள் எத்துணை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பொருள் பெருகிய விடத்து வேறோர் அச்சம் பிறந்தது. கம்பனியின் வருவாய் அரசின் வருவாயோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வளரின், அது நாட்டுக்குள் மற்றொரு நாடாகிவிடும் அன்றோ? எனவே 1985 இல் ஸ்டாற்றொயிலின் பங்குகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. பெரும்பகுதி வருவாய் கம்பனியின் பெட்டியைத் தொடாது நேரே திறைசேரிக்குச் செல்ல வழிசெய்யப்பட்டது. அவ்வச்சம் வீணானதன்று என்பதை மொங்ஸ்டாட் காட்டியது. அங்குள்ள சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்கும் வேலையிற் செலவு மதிப்பீட்டைப் பெரிதும் மிஞ்சிப்போக, 1987 - 88 காலத்தில் கம்பனியின் முதற்றலைவராகிய ஆர்வே யோன்சென் அவர்களும் பணிப்பாளர் சபையினரும் பதவி விலகினர். அரச கம்பனி தவறாததன்று. தவறியபொழுது அதனைக் கேள்விகேட்க வல்லவர் இருந்தமையே நோர்வேயின் பேறு.

2001 இல் கம்பனியின் ஒரு பகுதி பங்குச் சந்தையில் விற்கப்பட்டது. 2018 இல் அது ஈக்குவினோர் எனப் பெயர் மாறிற்று. எனினும் நூற்றுக்கு 67 பங்கு அரசின் கையிலேயே உளது. நேரே அரசுக்குரிய பங்குகளை நூற்றுக்குக் குறைந்த ஊழியரையுடைய பெற்றோரோ என்னுஞ் சிறு கம்பனி 2001 முதல் மேற்பார்வை செய்கிறது. எண்ணெய் இலாபத்தின்மீது எல்லா வரியுஞ் சேர்ந்து நூற்றுக்கு 78 ஆகும். இவ்வாறு திரண்ட பொருளைப் பேணுதற்கு 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு நிதியம் நிறுவப்பட்டு, 1996 இல் முதற் பணம் இடப்பட்டது. அப்பணம் வெளிநாடுகளிலேயே முதலீடு செய்யப்படும். 2001 இல் ஏற்பட்ட விதியின்படி, அதன் நீண்டகால வருவாய் என மதிப்பிடப்பட்ட நூற்றுக்கு 4 பங்கையே அரசு ஆண்டுதோறும் செலவிடலாம். 2017 இல் அது 3 ஆகக் குறைக்கப்பட்டது. முதல் அழியாது, வருவாயே பங்கிடப்படும். 2017 இல் அந்நிதியம் ஓர் இலட்சங் கோடி டொலரைக் கடந்தது. ஏறக்குறைய 55 இலட்சம் மக்களைக் கொண்ட நாட்டுக்கு இது சிறு பொருளன்று.

இதற்கு மறுதலையான வரலாறுகளும் உள. 1938 மார்ச் 18 ஆந் திகதி மெக்சிக்கோவின் சனாதிபதி லசாரோ கார்டெனாஸ் அந்நியரின் எண்ணெய்க் கம்பனிகளை அரசுடைமையாக்கினார். நட்டஈடு கொடுத்தற்கென ஏழைப் பெண்கள் தம் நகைகளையும் கோழிகளையுங் கொண்டுவந்து ஈந்தனர். நாட்டின் தன்மானச் சின்னமாகப் பெமெக்ஸ் என்னும் அரச கம்பனி தோன்றியது. ஆயினும் பிற்காலத்தில் அரசு தன் வரவுசெலவின் பெரும்பங்கினை அதனிடமே கறந்தது. புதிய படுகை தேடுதற்கு வேண்டிய முதல் எஞ்சவில்லை. 2004 இன் பின் கன்ராறெல் என்னும் பெரும் படுகை வற்றத் தொடங்கியது; கம்பனியின் கடனோ 10,000 கோடி டொலருக்கு மேல் ஏறியது. பசுவைக் கறந்தவர் தீனி வைக்க மறந்தனர்.

வெனிசுவேலாவில் நேர்ந்தது வேறு. 1976 இல் அரசுடைமையான அந்நாட்டுக் கம்பனி முதலில் திறமைக்குப் பேர்பெற்றிருந்தது. 2002 - 03 இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் பின் ஏறக்குறைய 18,000 ஊழியர் நீக்கப்பட்டனர். அவரோடு பல்லாண்டு திரண்ட அறிவும் வெளியேறிற்று. எண்ணெய்ப் பணம் கம்பனியின் வாயிலாகவே நேரே பல பணிகளுக்குச் செலவிடப்பட்டது. 1998 இல் நாள்தோறும் 30 இலட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்த நாடு, 2020 இற் சில மாதங்களில் 5 இலட்சத்துக்குங் கீழே இறங்கியது. அமெரிக்கா விதித்த தடைகளும் இதற்குக் காரணமாயின. ஆயினும் வீழ்ச்சி அவற்றுக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

நோர்வேயை எல்லா நாடும் அப்படியே பின்பற்றலாம் என்று கூறுதல் பொருந்தாது. எண்ணெய் காணுமுன்னரே அந்நாட்டிற் கல்வியும், கப்பற்றொழிலும், நேர்மையான அரசாங்க சேவையும், விழிப்புள்ள பாராளுமன்றமும் இருந்தன. கருவியைக் கடன் வாங்கலாம். அதனைக் கையாளும் கையைக் கடன் வாங்கல் ஆகாது.

எண்ணெய்க் கிணறில்லாத எமது நாட்டுக்கும் இவ்வரலாறு முற்றிலும் அயலானதன்று. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1962 இல் மூன்று அந்நியக் கம்பனிகளின் உடைமைகளிற் சில அரசின் வசமாயின. அதுபற்றி எழுந்த பிணக்கினால் 1963 இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1965 இல் நட்டஈட்டு உடன்படிக்கை ஏற்பட்டது. 1969 இல் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. ஈண்டு வாரம் என்பதற்கு இடமில்லை. மலிவாக வாங்குதலும், செம்மையாகச் சுத்திகரித்தலும், தட்டின்றி வழங்குதலுமே ஆக்கமாம். ஆனால் அளவுகோல் மாறுவதில்லை. கொள்விலைக்குங் குறைந்த விலைக்கு விற்கும்படி அரசியல் வற்புறுத்திய காலங்களில் நட்டம் மறைந்துபோகவில்லை. வங்கிக் கடனாய்த் தேங்கி, ஈற்றில் மக்கள் தலையிலேயே விழுந்தது.

இதுகாறும் கூறியவற்றால், அரசுடைமை என்பது தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று என்பது பெறப்படும். அறிவு பெறுதற்கு வழியாகவும், வாரத்தைத் திரட்டுதற்குத் துணையாகவும் கம்பனி அமைதல் வேண்டும். திரட்டியதைப் பேணுதலும் பங்கிடுதலும் கம்பனியின் கையில் இருத்தலாகாது. அவை மக்கள் பிரதிநிதிகளின் கண்முன்னே, சட்டத்தின் வரம்புக்குள் நிகழ்தல் வேண்டும். நான்கு கடன்களையும் ஒருவர் கையில் ஒப்புவித்த நாடுகள் எண்ணெயோடு செல்வத்தையும் இழந்தன. பிரித்து ஒப்புவித்த நாடு, எண்ணெய் வற்றினும் வற்றாத ஊற்றொன்றைத் தன் பிள்ளைகளுக்கு வைத்துள்ளது.