லிங்க் 1, 2, 3, 4: ஒரு படத்துக்கு நான்கு கேபிள் ஏன்?

உங்கள் கம்ப்யூட்டரை டிவியுடன் இணைக்க ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போதும். ஆனால் ஸ்டுடியோக்களில் உள்ள சில வீடியோ ப்ராசசர்களின் பின்பக்கம் ஒரே இன்புட்டுக்கு லிங்க் 1, 2, 3, 4 என நான்கு போர்ட்கள் இருக்கும். ஏன் இப்படி?

ஸ்டுடியோக்களில் எஸ்டிஐ என்ற இணைப்பு முறை பயன்படுகிறது. இதில் 3ஜி எஸ்டிஐ வகை, ஒரு கேபிளில் விநாடிக்கு 2.97 கிகாபிட் தகவலை அனுப்பும். விநாடிக்கு 60 ஃப்ரேம் கொண்ட 1920x1080 படத்துக்கு இது சரியாக இருக்கும். 4கே படத்தின் அளவு 3840x2160, அதாவது நான்கு மடங்கு. எனவே படத்தை நான்காகப் பிரித்து நான்கு கேபிள்களில் அனுப்புகிறார்கள். ப்ராசசர் அவற்றை மீண்டும் ஒன்றாக்குகிறது.

பிரிப்பதில் இரண்டு முறைகள் உண்டு.

ஸ்கொயர் டிவிஷன்: தோசையை நான்கு துண்டாக்குவது போல, ஒவ்வொரு கேபிளிலும் படத்தின் கால் பகுதி வரும். கேபிள் மாறினால் தலை இருக்க வேண்டிய இடத்தில் கால் தெரியும். தவறு உடனே புரிந்துவிடும்.

டூ சாம்பிள் இன்டர்லீவ்: இதில் இரண்டிரண்டு புள்ளிகளாக மாற்றி மாற்றிப் பங்கிடப்படும். ஒவ்வொரு கேபிளிலும் முழுப் படமே சிறிய அளவில் இருக்கும். இங்கே கேபிள் மாறினால்தான் ஆபத்து. தூரத்திலிருந்து பார்த்தால் படம் சரியாகவே தெரியும். எழுத்துகளின் ஓரம் மட்டும் ரம்பப் பல் போலிருக்கும். கவனிக்காமல் விட்டால் அப்படியே பதிவாகிவிடும்.

இணைக்கும்போது செய்ய வேண்டியவை:

1. கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். அவுட்புட்டில் உள்ள 1, இன்புட்டின் லிங்க் 1-க்கே செல்ல வேண்டும்.

2. 75 ஓம் கேபிள்தான் வேண்டும். பழைய கம்ப்யூட்டர் நெட்வொர்க்குகளில் பயன்பட்ட 50 ஓம் கேபிளும் பார்க்க இப்படியே இருக்கும். ஏமாறாதீர்கள்.

3. நான்கும் ஒரே வகை, ஒரே நீளமாக இருக்கட்டும்.

4. பிஎன்சி கனெக்டரைச் சொருகி, வலப்பக்கம் கால் சுற்று திருப்பிப் பூட்டவும்.

5. அனுப்பும் கருவி, பெறும் கருவி இரண்டின் மெனுவிலும் குவாட் லிங்க்கையும் ஒரே பிரிப்பு முறையையும் தேர்வு செய்யவும்.

6. சிறிய எழுத்துகள் உள்ள படத்தைக் காட்டி, அருகில் சென்று பாருங்கள்.

அருகிலேயே லூப் என்ற போர்ட்டும் இருக்கலாம். அதை லிங்க் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே வரும் சிக்னலை அடுத்த கருவிக்கு அப்படியே அனுப்பும் வழி அது.

12ஜி எஸ்டிஐ வந்தபின், விநாடிக்கு 11.88 கிகாபிட் ஒரே கேபிளில் போகிறது. 2.97-ஐ நான்கால் பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். ஆனாலும் நான்கு லிங்க் கருவிகள் இன்னும் பயன்பாட்டில் உள்ளன. எங்காவது அவற்றைக் கையாள நேர்ந்தால், கேபிளைத் தொடும் முன் எண்ணைப் பாருங்கள்.