பரண் படுக்கையறையாகும்போது

பிள்ளைகள் வளர்ந்து இடம் போதாமற்போனால், பழைய பலகை வீட்டுப் பரணில் பாய் விரிப்பது நம் தோட்டங்களில் வழக்கம். சாமான் வைக்கும் இடம் வேறு; ஆள் உறங்கும் இடம் வேறு. கீழே தீப்பற்றினால் புகை முதலில் மேலேதான் நிறையும். தூங்குவோரைப் பெரும்பாலும் தீக்கு முந்திக் கொல்வது அப்புகையே. ஏணி சமையற்கட்டின் அருகில் இருப்பின் இறங்கவும் வழியில்லை. ஆகவே அதனை வாசற்பக்கம் அமைத்து, ஆள் நுழையுமளவு சன்னலொன்றும் மேலே வைத்தல் வேண்டும். திருடனுக்கு அஞ்சி அதற்கும் கம்பியடிப்போர் உளர். கம்பி உள்ளிருந்து சாவியின்றித் திறக்கட்டும்.

வீடு நிர்வாகத்துடையதாயின் அதன் இசைவின்றிப் பலகையில் கைவைத்தலாகாது. ஊராட்சி மன்ற எல்லைக்குள் இருப்பின், 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி மன்றத்தின் அனுமதியும் தேவை. விடியுமுன் மரஞ்சீவப் புறப்படும் பெற்றோர், மேலே குழந்தைகள் உறங்குகையில் கதவை வெளியே பூட்டிச் செல்லலாகாது.